தூளியில் தூங்கும் குழந்தைக்கு வலை எங்கே?

காய்ச்சல் விசாரிக்க வீடு வீடாகப் போகிறவர் "கொசுவலை இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இருக்குதுங்க" என்ற பதில் சுலபமாக வரும். பரணில் மடித்துக் கிடக்கும் வலையும் அதில் சேர்த்திதான். கேட்க வேண்டியது, "நேத்து ராத்திரி யார் யார் உள்ளே படுத்தீங்க? பாப்பா எத்தனை மணிக்கு உள்ளே போச்சு?" இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பதில் தடுமாறும்.

குழந்தை ஏழரைக்கே தூளியில் தூங்கிவிடும். அம்மா படுக்கப்போகும் பத்து மணிக்குத்தான் அது வலைக்குள் வரும். சேலம் நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி இருட்டியதுமே கடிக்கத் தொடங்குகிற கொசு. தூளிப் புடவை முதுகோடு இறுகி ஒட்டியிருப்பதால், துணிக்கு வெளியே உட்கார்ந்தபடியே குத்திவிடும். மேலே துண்டு போர்த்துவது முகத்தை மட்டும்தான் காக்கும்.

தூளிக்குக் கூம்பு வலை சரிப்படும். உச்சித் தையலைக் கொஞ்சம் பிரித்து, தூளிக் கயிற்றை அதன் வழியே விட்டு, கொக்கியை ஒட்டியே வலையை இறுக்கிக் கட்ட வேண்டும். ஆட்டம் குறைவான இடம் அதுதான். கீழே இறக்கிக் கட்டினால் கயிறு உரசி உச்சி கிழியும். விளிம்பு தரையில் ஒரு சாண் புரள வேண்டும். இதைவிடச் சுலபம், கண் அசந்ததும் குழந்தையைப் பாய்க்கு மாற்றுவது. "இறக்கினா எந்திரிச்சிக்கும்" என்பார்கள். அதுவும் நிஜம்தான்.

சேலத்தில் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளின் தறி வீடுகளில் தறி போக மிஞ்சுவது ஒரு பாய் அகலம். இடம் இல்லையே என்று வலையின் ஒரு மூலையைத் தறிக்கட்டையில் கட்டினால், தறி ஓடும்போது குலுங்கிக் குலுங்கிப் பாய்க்கு அடியில் செருகிய விளிம்பு வெளியே வந்துவிடும். சுவரில் ஆணிதான் வழி. உயரத்திலும் கணக்கு உண்டு: 150 செ.மீ. வலையில் 30 செ.மீ. பாய்க்கு அடியில் போகவேண்டுமானால், முடிச்சு பாயிலிருந்து 120 செ.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. பார்வையாக இருக்கட்டும் என்று உயரக் கட்டினால் செருக மிச்சம் இருக்காது.

சித்திரை வெயிலில் குடும்பமே மொட்டை மாடிக்குப் போகும். ஸ்டீபன்சி முட்டையிடுவது கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும். படுக்கை அதன் பக்கத்திலேயே! அங்கே வலைக்கு முன் தொட்டி மூடியைப் பார்ப்பதுதான் முறை. ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் மருந்து வலை (பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலை) குழந்தைகளின் மரணத்தைச் சுமார் 17 சதவீதம் குறைத்தது. அது உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை மலேரியாக் கிருமி உள்ள பகுதிகளின் கணக்கு. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை அதிகமாக இருக்கும் நம் ஊருக்கு அதை அப்படியே தூக்கிவந்து பேசுவது சரியில்லை.

கிழிசலுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. கட்டைவிரல் நுழையும் ஓட்டைக்கு 1, முஷ்டிக்கு 23, தலைக்கு 196, அதைவிடப் பெரிதானால் 576. கூட்டினால் 642ஐத் தாண்டும் வலையை மாற்றிவிட வேண்டியதுதான். நூலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் முஷ்டி ஓட்டையை விட்டுவைப்பதுதான் புரியவில்லை.

புது மருந்து வலையைப் பிரித்த அன்றே குழந்தைக்குப் போட்டால் முகம் எரியலாம். அப்புறம் அந்த வீட்டில் வலை வெளியே வராது. ஒரு நாள் முழுக்க நிழலில் தொங்கவிட்டுப் பிறகு கட்ட வேண்டும். சாதா சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழலில் காயவைத்தல்: இப்படித் துவைத்தால் சுமார் 20 துவைப்பு, 3 வருடம் தாங்கும். துவைத்த தண்ணீர் ஏரியில் கலந்தால் மீன் செத்துவிடும்.

ஒழுங்காக வலைக்குள் படுத்த பிள்ளைக்கும் சில மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்பும்போது வலைமேல்தான் பழி விழுகிறது. வைவாக்ஸ் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து எழுவதை எந்த வலையும் தடுக்காது. அதற்கு மாத்திரைதான்: குளோரோகுயின் 3 நாள், ஈரலில் ஒளிந்ததை அழிக்கும் பிரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையும் நின்றுபோகும் வீடுகள் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பிரைமாகுயின் கொடுப்பதே இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு மட்டும் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும், ரத்தச் சொட்டு எடுக்கும் கண்ணாடி ஸ்லைடோடு.