லட்சக்கணக்கில் மைல் ஓடிய இழுவை டிரக்: எஞ்சினைவிட டைட்டில்தான் படுத்தியது

ஒருவழியாகப் பதிவு முடிந்து, டிரெய்லரை மாட்டி இழுத்தும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் பழைய டீசல் டிரக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அலைச்சல் முழுவதும் காகிதத்தில் வந்தது, அதனால் முதலில் அது.

முதலில் பேசி முடித்த வண்டிக்காகப் பக்கத்து மாநிலம் வரை போனது வீண். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், இருந்த பெயர் விற்பவருடையது இல்லை. பழைய உரிமையாளர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார், வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நடுவில் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், வரியும் கட்டாமல் அப்படியே கைமாற்றி விடப் பார்த்திருக்கிறார். இதை டைட்டில் ஸ்கிப்பிங் என்பார்கள், சட்டத்துக்குப் புறம்பானது. நாளைக்கு லீன் (கடன் கொடுத்தவருக்கு வண்டிமேல் உள்ள உரிமை) ஏதாவது முளைத்தாலோ மைல் கணக்கு பொய் என்று தெரிந்தாலோ, பொறுப்பேற்க அந்த ஆள் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார். கிளம்புவதற்கு முன்பே டைட்டிலின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரும் விஐஎன் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். அனுப்பத் தயங்கினால் போகவே வேண்டாம்.

வாங்கிய வண்டியில் வேறு சிக்கல். கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஆனால் டைட்டிலில் வங்கியின் லீன் அப்படியே நின்றது. பதிவு அலுவலகத்தில் லீன் விடுவிப்புக் கடிதத்தின் நகலை ஏற்கவில்லை, மூலம் வேண்டும் என்றார்கள். அதை வாங்கிக்கொண்டு போனபோது, விற்பனைத் தேதியை அடித்துத் திருத்தியிருப்பதைக் காட்டி, விற்பவரிடம் திருத்த உறுதிமொழி வாங்கி வரச் சொன்னார் அதே கவுண்டர்காரர். இரண்டு குறையும் முதல் முறையே அவர் கண்ணெதிரே இருந்தவைதான். ஒன்றாகச் சொல்லியிருந்தால் ஓர் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். டைட்டிலில் ஓர் எழுத்து பிசகினாலும் அதை அடிக்கவோ வெள்ளை மை பூசவோ விடாதீர்கள். முடிந்தால் விற்பவரோடு சேர்ந்தே அலுவலகத்துக்குப் போய், காகிதம் ஏற்கப்பட்ட பிறகு அங்கேயே பணத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று: 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு ஓடோமீட்டர் அறிவிப்பு, அதாவது ஓடிய மைலை விற்பவர் எழுதிக் கொடுப்பது, கட்டாயமில்லை. டைட்டிலில் ‘எக்ஸெம்ப்ட்’ (விலக்கு) என்று இருந்தால் அந்த மைல் கணக்குக்கு யாரும் உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம். 2011 முதல் வந்த மாடல்களுக்கு 20 ஆண்டுகள் வரை அறிவிக்க வேண்டும். நாடு தழுவிய டைட்டில் பதிவேடான என்எம்விடிஐஎஸ் அறிக்கை எடுத்தால் சால்வேஜ் (பெருஞ்சேதமானது என ஒதுக்கப்பட்டது), வெள்ளச் சேதம் போன்ற முத்திரைகள் தெரிந்துவிடும்.

இனி வண்டி. மைலைவிட எஞ்சின் மணிக்கணக்கு உண்மையைச் சொல்லும். பல டிரக்குகளில் டேஷ்போர்டு மெனுவிலேயே இருக்கும். 2,10,000 மைலுக்கு 5,000 மணி என்றால் சராசரி வேகம் 42 மைல், நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அதே மைலுக்கு 9,500 மணி என்றால் 22 மைல்தான். வேலைத்தளத்தில் ஐடிலில் (நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) நின்றே பாதி ஆயுளைக் கழித்திருக்கும். முதலாவதை நம்பி வாங்கலாம். இரண்டாவது மைல் குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் பேலோட் ஸ்டிக்கர் இருக்கும், டிரக் தன்மேல் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். விளம்பரத்தில் போடும் இழுவைத் திறனை மறந்துவிட்டு இதைப் பாருங்கள். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் (டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டுவது) எடையில் 20 முதல் 25 சதவீதம் டிரக்கின் மேல் உட்காரும். 12,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,400 முதல் 3,000 பவுண்டு. அதோடு ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு), ஆட்கள், பெட்டியில் போடும் சாமான். டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை எல்லாம் சேர்ந்த முக்கால் டன் டிரக்குகள் (250, 2500 என்று பெயரில் வரும் ரகம்) பலவற்றில் ஸ்டிக்கர் 2,000 பவுண்டைச் சுற்றியே நிற்கும். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு ஒரு டன் டிரக் (350, 3500 ரகம்) பார்ப்பதுதான் சரி. பின்னால் பந்தில் மாட்டும் டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம்தான், அங்கே முக்கால் டன் பெரும்பாலும் போதும்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், போனதும் தொட்டுப் பாருங்கள். நாம் வருவதற்கு முன் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டர், நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திருப்பி வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்து தேட வேண்டிய இடமும் மாறும். ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக்கில் ஸ்கேனரை (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) மாட்டி நெடுஞ்சாலையில் சீராக ஓட்டி, ஆயில் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் பாருங்கள். வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது. அடுத்து இஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது), அதற்கடுத்து ஹெட் கேஸ்கட் என்று வரிசையாகப் போகும். 2001 முதல் 2004 வரையிலான ஜிஎம் டிரக்குகளின் எல்பி7 டூராமேக்ஸில் இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு அடியில் இருப்பதால் மாற்றும் கூலியே பெரிது. மாற்றிய ரசீது இருந்தால் விலை கூடக் கொடுக்கலாம். 1998 முதல் 2002 வரையிலான டாட்ஜ் டிரக்குகளின் 24 வால்வு கம்மின்ஸில், டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் லிஃப்ட் பம்ப் சோர்ந்தால் விபி44 இன்ஜெக்ஷன் பம்பும் சேர்ந்து போகும். பிளாக்கின் பக்கத்தில் 53 என்ற எண் வார்த்திருந்தால் விரிசலையும் தேடுங்கள்.

சிபி4 டீசல் பம்ப் உள்ள வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 முதல் 2016 வரையிலான டூராமேக்ஸிலும், 2011 முதல் வந்த 6.7 பவர் ஸ்ட்ரோக்கிலும் இதுதான். பம்ப் உள்ளே தேய்ந்து சிதறினால் உலோகத் துகள் எரிபொருள் ரெயில் (டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்), இன்ஜெக்டர் வரை போய், முழு எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். பம்பின் மீட்டரிங் வால்வைக் கழற்றி அதன் சல்லடையில் மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

ஸ்கேனரில் ரெடினெஸ் மானிட்டர்கள் (வண்டி தானே செய்துகொள்ளும் புகைக்கட்டுப்பாட்டுச் சோதனைகள்) முடியாமல் இருந்தால், பிழைக் குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), டிஇஎஃப் (புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவம்) அமைப்பைக் கழற்றிய டிரக் வேகமாகப் போகும் என்று ஆசை காட்டுவார்கள். அப்படிக் கழற்றுவது கூட்டரசுச் சட்டத்துக்குப் புறம்பானது. கலிஃபோர்னியாவில் 1998 முதலான, 14,000 பவுண்டுக்கு உட்பட்ட டீசல் வண்டிகள் புகைச் சோதனைக்கு வர வேண்டியவை. கழற்றிய வண்டி அதில் தேறாது.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்து வண்டி என்றால் அடியில் படுத்து, சுத்தியலால் ஃபிரேமைத் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடமும் பிரேக் குழாய்களும்தான் முதலில் துருப்பிடிக்கும். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சுரண்டாமல் விடாதீர்கள். ஹிட்ச் பின் துளை முட்டை வடிவாகியிருந்தால் அளவுக்கு மீறி இழுத்த வண்டி. முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) என்றால், ஒருவரை ஸ்டீயரிங்கை இடவலம் அசைக்கச் சொல்லி டிராக் பாரின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) முனைகளைக் கவனியுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் வேகத்தில் முன்சக்கரம் உதறும்.

டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் இருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1816 என்றால் 2016ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதை வைத்துச் சுமை இழுக்கக் கூடாது. கனமான சுமைக்கான லோட் ரேஞ்ச் இ டயர் ஒரு செட்டின் விலையைக் காட்டித்தான் பேரத்தில் கணிசமாகக் குறைக்க முடிந்தது. அதுவரை ஒரு டாலர்கூட இறங்காமல் இருந்தவர், அந்தத் தேதியைப் படித்துக் காட்டியதும் இறங்கி வந்தார்.

பதிவு முடிந்ததும் டிரெய்லரை மாட்டி, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் இருக்கும் கேட் (CAT) நிறுவன எடைமேடையில் ஏற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் என மூன்று எடை தனித்தனியாக வரும். பின் ஆக்சில் எடையைக் கதவில் இருக்கும் ஜிஏடபிள்யூஆர் (அந்த ஆக்சில் தாங்கும் எடை வரம்பு) எண்ணோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் பெட்டியில் இருக்கும் சாமானை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.