நடந்தால் சரியாகிவிடுமாம்

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று தெரிந்த சொந்தக்காரர்கள் எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுதான்: "நடக்கச் சொல்லும்மா, ஆராய்ச்சியே சொல்லுது." சரி, எந்த ஆராய்ச்சி என்று உட்கார்ந்து தேடினேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, 2010-இல் இந்த நோய்க்கு உடற்பயிற்சி உதவுமா என்று அலசியபோது தேறியவை 3 சோதனைகள்தான். அப்புறம் நிறைய வந்திருக்கின்றன, ஆனால் பலவற்றில் ஆட்களும் குறைவு, நடந்த காலமும் சில வாரங்கள்தான், பாதியில் நின்றவர்கள் வேறு. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், போலி நடை என்று ஒன்று உண்டா? தான் நடந்தது நடந்தவருக்குத் தெரியும், "இப்ப எப்படி இருக்கு" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லத் தோன்றும். டென்மார்க்கில் இந்த நோய் உள்ள 428 பேரை வைத்து, உணவு, உடற்பயிற்சி, புகை எல்லாவற்றுக்கும் கூடவே ஆள் போட்டு ஓராண்டு பார்த்த சோதனையில் இதய நோய் அபாயம் குறையவே இல்லை. (இதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.)

அதற்காக நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் ஓலன்சபின் மாத்திரை ஆரம்பித்த பிறகு அவன் கால்சட்டை இரண்டு சைஸ் ஏறிவிட்டது. இந்த நோய் உள்ளவர்கள் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே போய்விடுகிறார்கள், பெரும்பாலும் இதயம், சர்க்கரை மாதிரி உடம்புக் கோளாறுகளால். அதனால் ஞாயிறு காலையில் சிங்கப்பூர் பீஷான் பூங்காவில் ஆற்றோரம் நடக்கிறோம். நேற்று பாலத்தில் நின்று நீர்நாய்களை எண்ணினான், "ஏழு, அக்கா." பிறகு காப்பிக்கடை. எனக்கு தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்), அவனுக்குச் சீனி போட்டது. அதில் நான் தலையிடுவதில்லை.