டாம்பிங் வைவா: சாய்வு எடுத்தால் மட்டும் போதாது

மெல்லிய காந்த உலோகக்கலவைப் படலத்தில் எஃப்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் படலம் மைக்ரோஅலையை ஒத்ததிர்ந்து உட்கவர்வது) அளந்து, அதிர்வெண்ணுக்கு எதிராக லைன்விட்த்தை (ஒத்ததிர்வுக் கோட்டின் அகலத்தை) வரைந்து சாய்வு எடுத்தால் கில்பர்ட் ஆல்ஃபா கிடைத்துவிடும். டாம்பிங், அதாவது காந்தமாக்கலின் சுழற்சி எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதைச் சொல்லும் எண் அது. இது எல்லா மாணவருக்கும் தெரியும். வைவாவில் மடக்கும் கேள்வி வேறு: எந்த அகலத்தை அளந்தீர்கள்?

பாதி உயரத்தில் முழு அகலம் என்றால், டெஸ்லாவில் அதன் மதிப்பு 2 × ஆல்ஃபா × அதிர்வெண் ÷ 28. அதிர்வெண் ஜிகாஹெர்ட்ஸில்; 28 என்பது ஜி-காரணி (எலக்ட்ரானின் காந்தத்திறனைக் குறிக்கும் எண்) 2 என்று கொண்டது. பெர்மல்லாய்க்கு (நிக்கல்-இரும்புக் கலவை) ஆல்ஃபா 0.007 என்று வைத்தால் 20 ஜிகாஹெர்ட்ஸில் 10 மில்லிடெஸ்லா. லாக்-இன் பெருக்கி தருவதோ கோட்டின் வகைக்கெழு. அதில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே அளந்தால் அதே கோடு 5.8 மில்லிடெஸ்லாதான். வர்க்கமூலம் 3-ஆல் பெருக்க மறந்தால் ஆல்ஃபா 0.004 ஆகிவிடும், சாம்பிள் பிரமாதம் என்று கொண்டாடவும் செய்வீர்கள்! உச்சி-பள்ளத்தைக் கண்ணால் குறிப்பதும் ஆபத்து. சிக்னலில் உட்கவர்தலும் நிறப்பிரிகையும் (சமச்சீரான பகுதியும் எதிர்ச்சமச்சீரான பகுதியும்) கலந்தே வருவதால் இரண்டையும் சேர்த்தே ஃபிட் செய்யுங்கள். லாக்-இன்னுக்காகச் சேர்க்கும் சிறு அலைவுப் புலமான மாடுலேஷன் புலம் லைன்விட்த்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கோடு செயற்கையாக அகலும்.

குறைந்த அதிர்வெண்ணில் புள்ளிகள் மேலே எகிறினால், அங்கே படலம் முழுமையாகக் காந்தமாகவில்லை என்று பொருள். அவற்றை நீக்கலாம், காரணத்தை எழுதிவிட்டு. வெட்டுத்துண்டு (அதிர்வெண் பூஜ்ஜியத்தில் கோடு காட்டும் அகலம்) எதிர்மறையாக வந்தால் சாய்வை நம்பாதீர்கள்.

புலம் படலத்தின் தளத்தில் இருந்தால் இரு-மேக்னான் சிதறல் (சீரான சுழற்சி, படலக் குறைகளால் மற்ற ஸ்பின் அலைகளாகச் சிதறுவது) புகுந்து வரைபடக் கோட்டை வளைக்கும். நேர்கோடாகவே தெரிந்தாலும் சாய்வு கூடியிருக்கலாம். செங்குத்தாக அளந்தால் இது பெரும்பாலும் அடங்கும். ஆனால் பெர்மல்லாயில் 20 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தளத்தில் 0.4 டெஸ்லாவுக்குள் முடிந்த வேலைக்கு இப்போது சுமார் 1.7 டெஸ்லா வேண்டும். கோணம் ஓரிரு பாகை பிசகினாலே கோடு அகலும்.

அடுத்து தடிமன். பிளாட்டினம் போன்ற அடுக்கு ஒட்டியிருந்தால் ஸ்பின் பம்ப்பிங் (சுழலும் காந்தமாக்கல் ஸ்பின்னை அந்த அடுக்குக்குள் தள்ளி இழப்பது) ஆல்ஃபாவைக் கூட்டும். படலம் மெலியமெலிய அதிகமாகும். 1/தடிமனுக்கு எதிராக ஆல்ஃபாவை வரைந்த வரைபடத்தின் வெட்டுத்துண்டே அடுக்கின் பங்கு கழிந்த மதிப்பு. காந்தமில்லாத இறந்த அடுக்கைத் தடிமனிலிருந்து கழித்தபின் வரையுங்கள். கதிர்வீச்சு டாம்பிங் (சாம்பிள் தன் ஆற்றலை அளவிடும் அலைவழிக்கே திருப்பித் தந்து இழப்பது) இதற்கு நேர் எதிர், தடித்த படலத்தில்தான் வளரும். அலைவழிக்கும் சாம்பிளுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்து மறுபடி அளந்தால் அதன் பங்கு தெரியும். 25% கோபால்ட் கொண்ட கோபால்ட்-இரும்புக் கலவைக்கு 2016-இல் அறிவித்த சுமார் 0.0005 என்ற உள்ளார்ந்த மதிப்பும் இவ்விரண்டையும் கழித்துப் பெற்றதே.