யூடியூப் லப்டொப்பும் கடை லப்டொப்பும்

யூடியூபில் நல்ல லப்டொப் எது என்று தேடிப் பாருங்கள். அவர்கள் அடுக்குகிற பத்து மொடலில் ஒன்று யாழ்ப்பாணத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி, ஆஸ்பத்திரி வீதி என்று ஏறி இறங்கினால் கடைக்குக் கடை அதே நாலைந்து மொடல்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. கொழும்பு என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் போய் ஒரு கடையில் விலை கேட்டு அடுத்த கடையில் பேரம் பேசலாம், இங்கே அதற்கு வழியில்லை. ஆகவே உலகத்தில் எது சிறந்த லப்டொப் என்று மண்டையை உடைக்காமல், கடையில் இருக்கிற நாலுக்குள்ளே எதன் உள்ளுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் காணும் என்பதுதான் என் கட்சி.

நான் வீட்டில் இருந்து கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரின் நினைவுப் புத்தகம்), பாடசாலை மலர் என்று பக்கம் வடிவமைக்கிற ஆள். என் பழைய லப்டொப்பின் புரொசசர் இன்டெல் 6ஆம் தலைமுறை. 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11க்கோ இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். வேறு வழியால் ஏற்றலாம், ஏற்றின ஆக்களும் இருக்கிறார்கள். ஆனால் முப்பத்தோராம் நாளுக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டிய கல்வெட்டை வைத்துக்கொண்டு அப்டேட்டோடு மல்லுக்கட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் புதிது.

காசு விசயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2022 தொடக்கத்தில் 200 ரூபா மட்டில் நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது, பிறகு 300 மட்டுக்கு இறங்கி நின்றுவிட்டது, பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. ஆக நான் ஒதுக்கி வைத்த இரண்டு லட்சத்துச் சொச்சம் கேட்கப் பெரிதாக இருந்தாலும், கடையில் அது நடுத்தர லப்டொப்பின் விலைதான்.

இனி உள்ளுக்குள் என்ன என்ற கதைக்கு வருவோம். ஒரு கடையில் ஏஎம்டியின் ரைசன் 5 புரொசசர் போட்ட இரண்டு லப்டொப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டுக்கும் விலை வித்தியாசம் அப்படிப் பெரிதில்லை. "ரெண்டும் ஒண்டுதான் அண்ணை, ஏழாயிரம் சீரிஸ், லேற்றஸ்ற்" என்றான் கடைத் தம்பி. அவனில் பிழை சொல்லமாட்டேன், ஸ்டிக்கரில் உள்ளதை வாசிக்கிறான். ஆனால் ஒன்று 7520யூ, மற்றது 7530யூ. ஏஎம்டியின் அந்த நாலு இலக்கத்தில் முதலாவது வெளியான ஆண்டைத்தான் சொல்லும், உள்ளே வேலை செய்கிற கோரின் வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520யூவில் அந்த 2 என்பது ஸென் 2, அதாவது 2019இல் வந்த வடிவமைப்பு, 4 கோர். 7530யூ ஸென் 3, 6 கோர். போதாக்குறைக்கு 7520யூ வேலை செய்வது எல்பிடிடிஆர்5 என்ற வகை றாமோடு மட்டும்தான், அது இந்த லப்டொப்களில் மதர்போர்டிலேயே ஒட்டி வருவது, 8 ஜிபி என்று வாங்கினால் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். ஒரு இலக்கத்துக்குள் இவ்வளவு சங்கதி.

இன்டெலில் கதை தலைகீழ். அங்கே பழையதுதான் எங்களுக்கு லாபம். ஐ5-1235யூ 12ஆம் தலைமுறை, 1335யூ 13ஆம் தலைமுறை, பிறகு பெயரையே மாற்றி வந்தது கோர் 5 120யூ. மூன்றிலும் இருப்பது 2 பெரிய கோரும் 8 சின்னக் கோரும். வேகம் படிப்படியாகக் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கொஞ்சம் பழைய சரக்கு தேங்கி நிற்பதைக் குறையாகச் சொல்வோம் அல்லவா, இந்த இடத்தில் அது குறையே இல்லை. 12ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தால் துணிந்து விலை கேளுங்கள், மிச்சப்படுகிற காசை றாமில் போடலாம்.

றாம் என்றதும் ஒரு சின்ன வேலை சொல்கிறேன். காட்சிக்கு வைத்திருக்கிற லப்டொப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸில் மெமரியைத் தொட்டால் கீழே ஃபோர்ம் ஃபாக்டர் என்று ஒரு வரி இருக்கும். அதில் சோடிம் என்று இருந்தால் கழற்றிப் பூட்டலாம். ரோ ஒஃப் சிப்ஸ் என்று இருந்தால் போர்டில் ஒட்டியது. பக்கத்திலேயே எத்தனை ஸ்லொட் பாவனையில் உள்ளது என்றும் காட்டும். போர்டில் பாதி ஒட்டி, மிச்சத்துக்கு ஒரு ஸ்லொட் விட்ட மொடல்களும் இருப்பதால் இதை மட்டும் நம்பாமல் மொடல் இலக்கத்தைப் போனில் தேடி ஒருக்கால் ஒத்துப் பாருங்கள். நான் இதைச் செய்துகொண்டு நிற்க, "அண்ணை, எட்டு ஜிபி காணும், ஆரும் இப்பிடிப் பாக்கிறேல்ல" என்று தம்பி சிரித்தான். ஒரு நாற்பது பக்க மலரும் நூறு படமும் திறந்து வைத்துப் பார்த்தால் தெரியும் தம்பி, எட்டு காணுமா காணாதா என்று.

மலிவு லப்டொப்பில் விலையைக் குறைக்கிற இடம் திரைதான். ஃபுல் எச்டி என்று எழுதியிருப்பார்கள், ஐபிஎஸ் என்றும் இருக்கும், ஆனால் எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு, 45 சதவீத என்டிஎஸ்சி என்று எங்கேயோ பொடி எழுத்தில் கிடக்கும். அந்தத் திரையில் கூறைச் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் தெரியும். எனக்கு இந்த விலையில் அதைவிட நல்ல திரை யாழ்ப்பாணத்தில் அகப்படவில்லை. அச்சுக்குப் போகிற வேலையை வெளி மொனிற்றரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஃபுல் எச்டியைவிடத் தெளிவு குறைந்த 1366க்கு 768 திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, விண்டோஸ் இல்லாமல் ஃப்ரீடொஸ் என்று வருகிற பெட்டி. விலை குறைவாகத் தெரியும். "விண்டோஸ் நாங்க போட்டுத் தாறம்" என்றால் அது எந்த விண்டோஸ் என்று உங்களுக்கே தெரியும். உரிமத்தோடு வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

பாவித்த லப்டொப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கொம்பனிகள் கழித்துவிட்ட லெனோவோ திங்க்பாட், டெல் லற்றிற்றியூட் எல்லாம் இங்கே நன்றாக ஓடுகின்றன. கீபோர்ட் அருமை, கழற்றிப் பூட்டவும் சுகம். ஆனால் விண்டோஸ் 10 முடிந்த பிறகு 6ஆம், 7ஆம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாக வந்து குவிவது சும்மா இல்லை. 8க்குக் கீழே என்றால் லினக்ஸ் போடுகிற ஆளாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். எடுக்க முன்னம் விண்டோஸ் தொடங்க முதல் திறக்கிற பயோஸ் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள், அங்கே பாஸ்வேர்ட் கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பற்றரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கப்பாசிற்றியையும் ஃபுல் சார்ஜ் கப்பாசிற்றியையும் ஒப்பிடுங்கள், பாதிக்குக் கீழே என்றால் பற்றரிக் காசைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பது எங்கள் ஊருக்கே உரிய வழி. பாரிசில் இருக்கிற மச்சான் "சொல்லு, ஆடி லீவுக்கு வரேக்க கொண்டுவாறன்" என்றான். நல்ல மனம். ஆனால் பிரான்ஸ் கீபோர்ட்டில் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும், மேல் வரிசையில் இலக்கம் அடிக்க ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும். சுவிஸ், ஜேர்மனி என்றால் வையும் ஸெட்டும் இடம் மாறி இருக்கும். விண்டோஸில் அமெரிக்க விசைப்பலகையாக மாற்றிவிடலாம்தான், பாமினி எழுத்துருவில் பழகின கை பார்க்காமலே அடிக்கும், ஆனால் வீட்டில் வேறு ஆரும் தொட்டால் குழம்பிப் போவார்கள். லண்டன், கனடா என்றால் இந்தத் தலையிடி குறைவு, கனடாவில் பிரெஞ்சுக் கீபோர்ட்டும் விற்பதால் அதைச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் பிரச்சினை இல்லை, அநேகமான சார்ஜர் 100 தொடக்கம் 240 வோல்ற் வரை தாங்கும், சுவரில் இருந்து வருகிற வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றினால் சரி.

நான் மச்சானுக்கு வேண்டாம் என்று சொன்னது கீபோர்ட்டுக்காக அல்ல, வாரண்டிக்காக. இங்கே வாங்கினாலே போர்ட் பழுதானால் ஏஜென்ற் இருக்கிற கொழும்புக்குத்தான் அனுப்புவார்கள், சும்மா நானூறு கிலோமீற்றர். தெரிந்த ஒருவருடைய லப்டொப் அப்படிப் போய் மாதக்கணக்கில் வரவில்லை, கேட்கிற நேரமெல்லாம் "பார்ட்ஸ் வரவேணும்". இலங்கை வாரண்டி இருந்தே இந்தக் கூத்து என்றால் பாரிஸ் பில்லைக் காட்டி ஆரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? அதனால் வாங்க முன்னம் கடையில் மூன்று விசயம் கேட்டேன்: வாரண்டி ஏஜென்ற் வாரண்டியா கடை வாரண்டியா, அனுப்புகிற செலவு ஆருடையது, றாம் பூட்டுவதற்கு அடிமூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா. மூன்றாவதுக்குக் கடைக்குக் கடை ஒவ்வொரு பதில். ஒரே கடையில்தான், "எங்களிட்டயே கொண்டுவாங்கோ, பூட்டி பில்லில எழுதித் தாறம்" என்றார் முதலாளி. விலை மற்றக் கடையைவிடக் கொஞ்சம் கூட. அங்கேதான் எடுத்தேன்.

எடுத்தது ஐ5-1235யூ, போர்டில் 8 ஜிபி, ஒரு வெற்று ஸ்லொட், 512 ஜிபி எஸ்எஸ்டி. திரை நான் சொன்ன அதே மங்கல் திரை. யூஎஸ்பி-சியால் சார்ஜ் ஏறாது, அது எனக்குக் கவலைதான், ஏனென்றால் 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாளையும், 2025இல் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதையும் பார்த்த பிறகு பவர்பாங்கில் ஓடுகிற லப்டொப் மேல் ஒரு ஆசை. ஆனால் அது இருந்த பெட்டியில் றாம் ஸ்லொட் இல்லை. எனக்கு றாம்தான் முக்கியம்.

இப்போது இருக்கிற சிக்கல், 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க றாம் விலை ஏறியிருப்பது, ஏஐ டேட்டா சென்ரர்களுக்கே சிப் எல்லாம் போகிறதாம். பிறகு பூட்டலாம் என்ற கணக்கு அதனால் கொஞ்சம் உதைக்கிறது. கல்வியங்காட்டுப் பக்கமோ ரவுண் பக்கமோ டிடிஆர்4 3200, 8 ஜிபி சோடிம் துண்டு, பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, நியாயமான விலையில் ஆராவது கண்டால் சொல்லுங்கள். பங்குனிக்குள் இரண்டு பாடசாலை மலர் முடிக்க வேண்டும்.