திறமைக்குக் குறைவில்லை, அழைப்புதான் வரவில்லை

2011 நவம்பர் புஷ் குடும்பத்துக்கு நல்ல மாதமாக அமையவில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் அண்ணன் கர்ட், தம்பி கைல் இருவருமே அப்போது முதல் வரிசை ஓட்டுநர்கள். மாதத் தொடக்கத்தில் தம்பி மாட்டினார், மூன்றாவது வாரத்தில் அண்ணன். இருவரையும் மாட்டிவிட்டது அவரவர் கோபம்தான்.

தம்பி கதை டெக்சாஸில் நடந்த பிக்கப் டிரக் பந்தயம். ரான் ஹார்னடே என்கிற மூத்த ஓட்டுநரோடு உரசல் ஆகி, இரண்டு வண்டியும் சுவரைத் தொட்டுவிட்டன. மஞ்சள் கொடி காட்டியாயிற்று. எல்லோரும் மெதுவாகப் போக வேண்டிய நேரம். கைல் விடவில்லை. பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டே போய் ஹார்னடேயின் டிரக்கைச் சுவரில் கொண்டுபோய் அறைந்தார். ஹார்னடே அந்த வருடம் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் இருந்தவர். அந்த வார இறுதியில் மிச்சமிருந்த எந்தப் பந்தயத்திலும் கைல் ஓட்டக் கூடாது என்று நாஸ்கார் உட்கார வைத்துவிட்டது. கார் பந்தயத்தில் அவருடைய சொந்தப் பட்டக் கனவும் அதோடு முடிந்தது. 50,000 டாலர் அபராதம் வேறு. சீசனின் கடைசி இரண்டு பந்தயங்களுக்கு, அவருடைய ஸ்பான்சரான எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்க்காரர்கள் தங்கள் பெயரையே காரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் கதையில் யாருக்கும் கீறல்கூட விழவில்லை. ஹோம்ஸ்டெட்டில் சீசனின் கடைசிப் பந்தயம். கொஞ்ச நேரத்திலேயே கியர்பாக்ஸ் போய்விட்டது. கேரேஜில் கர்ட் நிற்கிறார், பக்கத்தில் மைக்கோடு டாக்டர் ஜெர்ரி பஞ்ச். கார் பந்தய நிருபர்களில் அவரைவிடத் தன்மையான மனிதரைக் காட்டுவது கஷ்டம். நேரலை தங்கள் பக்கம் திரும்பக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடக் காத்திருப்பு கர்ட்டுக்குத் தாங்கவில்லை. நிருபர் மீது கெட்ட வார்த்தையாகக் கொட்டித் தீர்த்துவிட்டார். டிவியில் அது வரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற ரசிகர் ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அது யூடியூபுக்குப் போனது. அதே 50,000 டாலர் அபராதம். டிசம்பர் தொடக்கத்தில் கர்ட்டும் அவர் ஓட்டிவந்த பென்ஸ்கி டீமும் பிரிந்தார்கள்.

கவனித்தீர்களா? டிரக்கைச் சுவரில் அடித்தவருக்கு வேலை நிலைத்தது. வாயை விட்டவருக்கு வேலை போனது. அந்த வருடம் கர்ட் இரண்டு பந்தயங்களை வென்றிருந்தார், 2004-இன் சாம்பியனும்கூட. மோசமான ஓட்டுநர் என்று யாரும் அவரை அனுப்பவில்லை.

ஒரே நாள் சம்பவத்தில் போன வேலை இல்லை அது என்பது என் கணிப்பு. நாஸ்காரில் ஒரு வசதி உண்டு: ஸ்கேனர் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டால் ஓட்டுநருக்கும் டீமுக்கும் நடக்கும் பேச்சு முழுவதையும் ரசிகர்கள் கேட்கலாம். கர்ட்டின் ரேடியோவை அந்த சீசனில் கேட்டவர்களுக்கு ஹோம்ஸ்டெட் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. கார் திரும்பவில்லை என்றால் அதைச் செய்தவர்களைத் திட்டுவார். டயர் சரியில்லை என்றால் மொத்த டீமையும் திட்டுவார். இதில் வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை. பந்தயத்தின் நடுவில் காரைச் சரிசெய்ய டீமுக்கு இருக்கும் முக்கியமான கருவி ஓட்டுநரின் வாய்தான். வளைவில் நுழையும்போது முன்பக்கம் திரும்ப மறுக்கிறதா, வெளியே வரும்போது பின்பக்கம் வழுக்குகிறதா என்று அவர் சொன்னால், அடுத்து டயர் மாற்ற நிறுத்தும் பிட் ஸ்டாப்பில் டயர் காற்றழுத்தத்தை மாற்றலாம், ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கலாம். "இது காரே இல்லை" என்று கத்தினால், டீமை வழிநடத்தும் க்ரூ சீஃப் எந்தத் திருகைத் திருப்புவார்?

அப்புறம், பணம். பெரிய டீமின் காரை ஒரு சீசன் ஓட வைக்கப் பல மில்லியன் டாலர் வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தருவது கதவிலும் பானெட்டிலும் பெயர் எழுதிக்கொள்ளும் நிறுவனம். அவர்கள் வாங்குவது லேப் நேரத்தை இல்லை. வாடிக்கையாளர்களோடு கை குலுக்க, விளம்பரத்தில் சிரிக்க ஒரு முகத்தை வாங்குகிறார்கள். கர்ட்டின் காரில் அந்த வருடம் இருந்தது ஷெல். பெட்ரோல் விற்கிறவர்களுக்கு அந்த யூடியூப் படம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பல வருடம் வேலைக்கு ஆள் தேர்வு செய்யும் இடத்தில் உட்கார்ந்தவன். நேர்காணல் எல்லாம் முடிந்தபிறகு, முன்பு அவரோடு வேலை செய்த யாருக்காவது போன் போடுவோம். "வேலை நல்லாத் தெரியும்" என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு இழுவை வரும். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை. தேர்வாகாதவருக்குக் காரணம் கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. பந்தய உலகில் அந்தப் போன்கூடத் தேவைப்படாது, ஏனென்றால் எல்லோரும் ஸ்கேனரில் கேட்டிருப்பார்கள்.

எதிராளி மீது வரும் கோபத்தை இந்த விளையாட்டு தாராளமாக மன்னிக்கும். ஃபார்முலா ஒன்னைப் பாருங்கள். 1982-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த நெல்சன் பிக்கே, ஒரு லேப் பின்தங்கிய எலிசியோ சலசாரோடு மோதி வெளியே வந்தார். இறங்கிப்போய், ஹெல்மெட் போட்டிருந்த மனிதரைக் குத்தினார், உதைத்தார், உலகமே டிவியில் பார்த்தது. அடுத்த வருடமே அவர்தான் உலக சாம்பியன். 1993-இல் ஜப்பானின் சுசூகாவில் வென்ற கையோடு அயர்டன் சென்னா போய் அறிமுக வீரர் எடி இர்வைனை அடித்தார். இவற்றையெல்லாம் ரசிகர்கள் இன்றைக்கும் சுவையாகப் பேசுகிறார்கள். சொந்த வீட்டைத் திட்டினால்தான் கதவு சாத்துகிறது. மூன்று முறை சாம்பியனான அலன் ப்ரோஸ்ட், 1991-இல் ஃபெராரி காரை லாரியோடு ஒப்பிட்டார். கடைசிப் பந்தயத்துக்குக்கூடக் காத்திருக்காமல் அனுப்பிவிட்டார்கள். ப்ரோஸ்ட்டே அடுத்த வருடம் முழுக்க ஓட்டாமல் இருந்துவிட்டுத்தான் வில்லியம்ஸில் வந்து நான்காவது பட்டம் வென்றார். பெர்னாண்டோ அலோன்சோ 2015-இல், தன் மெக்லாரன் காருக்கு இன்ஜின் தந்த ஹோண்டாவின் சொந்த மண்ணான சுசூகாவில், இது ஜிபி2 இன்ஜின் என்று ரேடியோவில் கத்தினார். கீழ்நிலைப் பந்தயத்து இன்ஜின் என்று அர்த்தம். அதற்கு முன்பே 2007-இல் மெக்லாரனோடு முட்டிக்கொண்டு ஒரே சீசனில் வெளியேறியவர். 2005, 2006-க்குப் பிறகு பட்டம் இல்லை. அதில் கணிசமான பங்கு அவருடையதே என்று நான் சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இதில் வேடிக்கை, 2026-இல் அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் காருக்கு இன்ஜின் தருவது அதே ஹோண்டா.

இவர்கள் எல்லாம் பட்டம் வென்றவர்கள், கொஞ்சம் செலவழிக்கலாம். கையில் எதுவும் இல்லாத பையன்கள் நிலைமை வேறு. டான் டிக்டம் 2015-இல் சில்வர்ஸ்டோனில், எல்லோரையும் மெதுவாக நடத்திச் செல்லும் சேஃப்டி கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரிசையாகப் பல கார்களைத் தாண்டிப்போய், தன்னோடு மோதிய ரிக்கி கொலார்டை வேண்டுமென்றே இடித்தார். வயது 16. இரண்டு வருடத் தடை, அதில் ஒரு வருடம் நிறுத்தி வைக்கப்பட்டது. திரும்பி வந்து 2017, 2018 இரண்டு வருடமும் மக்காவ் நகரத் தெருக்களில் நடக்கும் பந்தயத்தை வென்றார். அந்தத் தெருக்களில் ஒரு முறை வெல்வதே பெரிய விஷயம். அப்போது ரெட் புல் டீம் தன் இளையோர் திட்டத்தில் அவரை வைத்திருந்தது, 2019-இல் விட்டுவிட்டது. அடுத்து வில்லியம்ஸின் இளையோர் திட்டம். 2021-இல் ஆன்லைனில் நேரலையாக விளையாடும்போது, அந்த டீமின் ஓட்டுநர் நிக்கலஸ் லத்தீஃபியைக் கிண்டலடித்தார். அந்தக் கோடையில் அதுவும் போயிற்று. ஃபார்முலா ஒன்னில் ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ-யில் முதல் வெற்றி 2025-இல் ஜகார்த்தாவில் வந்தது. தாமதம்தான், ஆனாலும் அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, கர்ட்டுக்கு என்ன ஆயிற்று? 2012-இல் அவருக்குக் கிடைத்தது ஜேம்ஸ் ஃபின்ச்சின் சின்ன டீம். அங்கேயும் அடங்கவில்லை. மே மாதம் டார்லிங்டனில் ஒரு தகராறு, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள். ஜூனில் டோவரில், அதைப் பற்றியே கேட்ட நிருபரை அடிக்காமல் இருப்பதே அந்தக் கண்காணிப்பால்தான் என்ற தொனியில் பதில் சொல்ல, ஒரு பந்தயத்துக்குத் தடை. சாம்பியன் அந்த வருடம் முடித்தது 25-ஆவது இடத்தில்.

அங்கிருந்து ஃபர்னிச்சர் ரோ என்ற டீம். பெரிய டீம்கள் எல்லாம் வட கரோலினாவில் குவிந்திருக்க, இது மட்டும் தொலைவில் டென்வரில், ஒரே காரோடு. 2013-இல் கர்ட் அந்த ஒற்றைக் காரைப் பட்டத்துக்கான இறுதிச்சுற்றுக்குள் கொண்டுபோனார். அதற்கு முன் எந்த ஒற்றைக் கார் டீமும் அதைச் செய்ததில்லை. பிறகு இன்னொரு டீமின் இணை முதலாளி ஜீன் ஹாஸ் வந்தார். ஸ்பான்சரைத் தேடிக்கொண்டிருக்காமல் தன் கம்பெனிப் பணத்திலேயே கார் தருகிறேன் என்றார். அப்படி ஒரு முதலாளி கிடைப்பது அபூர்வம். 2017-இல் கர்ட் நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ வென்றார், மொத்தம் 34 வெற்றிகள்.

கோபத்தை எடுத்துவிட்டால் வேகமும் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோபம் தலைக்கேறிய 2012-இல் கர்ட் ஒன்றும் வேகமாக இல்லை. கையில் இருந்ததை வைத்து அடக்கமாக ஓட்டிய 2013-தான் அவருடைய சிறந்த வருடங்களில் ஒன்று.

தம்பியும் தப்பவில்லை, பில் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். 2015, 2019 என்று இரண்டு பட்டம் வென்ற கைலுக்கு, 2022-இல் எம் அண்ட் எம்ஸ் விலகியபோது அவர் ஓட்டிவந்த கிப்ஸ் டீமால் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவரை எடுத்துக்கொண்டவர் இன்னொரு டீம் முதலாளியான ரிச்சர்ட் சில்ட்ரெஸ். 2011 ஜூனில் கான்சஸில், தன் டீமின் டிரக்கை இடித்ததற்காக இதே கைலைப் பிடித்து அடித்து, 150,000 டாலர் அபராதம் கட்டியவர். 2023 சீசனின் இரண்டாவது பந்தயத்திலேயே ஃபோன்டானாவில் அவருக்கு ஜெயித்துக் கொடுத்தார் கைல். அந்தப் பழைய அபராதத்தைச் சில்ட்ரெஸ் சம்பளத்தில் கழித்துக்கொண்டாரா என்பதை மட்டும் யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.