கோலிக்குண்டு சொன்ன சாட்சி

காரைக்குடி வீட்டில் இரண்டாம் கட்டை, அதாவது உள்முற்றப் பகுதியை, ஒட்டிப் புதுக் குளியலறை. முதல் நாளே தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல், கதவைத் தாண்டி ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு வந்துவிட்டது. "போகப்போகச் சரியாயிரும் ஆச்சி" என்றார் பிளம்பர். சிமெண்டுத் தரை எப்படித் தம்பி சரியாகும்? பேரனின் கோலிக்குண்டை உருட்டிவிட்டேன். வடிகாலுக்குப் போகாமல் நேரே குளியலறைக் கதவுக்கு ஓடியது. தம்பி வாயைத் திறக்கவில்லை. (தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை அவர் கொண்டுவந்து நான் பார்த்ததே இல்லை.)

அதைவிட ஆத்திரம் கீசர் லைன். வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போடணும். இவர் சாதா பிவிசியைச் சுவருக்குள் புதைத்திருக்கிறார். சூட்டில் அது இளகிவிடும். குழாயில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கிற பிரஷர் டெஸ்ட்டும் பண்ணாமல் மேலே டைல்ஸ் ஒட்டியாச்சு.

மீதிக் கூலியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் உளியோடு வந்தார். இப்போது வீடெல்லாம் தூசி. குளியல் மறுபடி கிணற்றடியில்.