மின்னழுத்தத்தைப் படமாக்கிய நுண்ணோக்கி

டிரான்சிஸ்டர் போன்ற குறைக்கடத்திச் சாதனங்களை ஆராயும் நுண்ணோக்கிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஆங்கிலேயப் பொறியியலாளர் சார்லஸ் ஓட்லியிடமே போய் நிற்கிறது. போர்க்காலத்தில் ராடார் பணியில் ஈடுபட்டிருந்த அவர், நுண்ணிய எலக்ட்ரான் கற்றையால் பரப்பை வரிவரியாகத் தடவிப் படமாக்கும், ஏறக்குறையக் கைவிடப்பட்டிருந்த ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியை 1948-இல் கேம்பிரிட்ஜில் மீண்டும் கையிலெடுத்தார்.

அவரும் அவருடைய மாணவர் தாமஸ் எவர்ஹார்ட்டும் 1957-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வுதான் என்னை மிகவும் கவர்ந்தது. எலக்ட்ரான் கற்றை பட்டதும் பரப்பிலிருந்து வெளிப்படும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்களுக்குச் சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலே உண்டு என்பதால், பரப்பின் ஒரு பகுதியில் நேர் மின்னழுத்தம் இருந்தால் அவற்றுள் பல அங்கேயே திரும்ப இழுக்கப்பட்டு அப்பகுதி கருமையாகவும், எதிர் மின்னழுத்தம் உள்ள பகுதி வெளிச்சமாகவும் படத்தில் தெரிகின்றன. பி-என் சந்தியின் (இருவகைக் குறைக்கடத்திப் பகுதிகள் சேரும் எல்லையின்) இருபுறமும் இப்படித்தான் கண்ணுக்குத் தனித்தனியே புலப்பட்டன. மின்சுற்றுச் சில்லில் ஓர் உலோகக் கம்பித்தடம் அறுந்திருந்தால், அறுந்த இடத்தில் வெளிச்சம் சட்டென மாறிவிடும். முனை கொண்டு தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. (வடிவத்தைக் காட்டும் கருவி மின்னழுத்தத்தையும் காட்டியது எனக்கு இன்றும் வியப்பே.)

அந்தச் சோம்பலான எலக்ட்ரான்களைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. எவர்ஹார்ட்டும் ரிச்சர்ட் தார்ன்லியும் 1960-இல் விவரித்த உணர்கருவி, அவற்றை ஏறத்தாழ 10 கிலோவோல்ட்டில் உள்ள ஒளிரும் பொருளின்மீது மோதவிட்டு, எழும் ஒளியை ஒளிக்குழாய் வழியே வெளியிலுள்ள, ஒளியை மின்குறிப்பாக்கிப் பெருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு அனுப்பியது. இந்த நுண்ணோக்கியின் வணிக வடிவமான ஸ்டீரியோஸ்கேன் 1965-இல் விற்பனைக்கு வந்தது. அதே உணர்கருவி அமைப்பு இன்றைய நுண்ணோக்கிகளிலும் பரவலாகப் பயன்படுகிறது.